ஜாக்கி சறுக்கினால் குற்றவாளி யார்?

"தொழிலாளியின் அஜாக்கிரதை!"

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்தவன் மேல் லாரி இறங்கினால், அஜாக்கிரதை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வந்து தாடையைப் பெயர்த்தால், அஜாக்கிரதை. உளியின் சில்லு தெறித்துக் கண்ணைக் குருடாக்கினால், அதுவும் அஜாக்கிரதைதான். போலீஸ் ஏட்டில் நாலு வரி, பத்திரிகை மூலையில் மூன்று வரி. அத்தோடு விஷயம் முடிந்தது. அடுத்த நாள் அதே இடத்தில், அதே ஜாக்கியைப் போட்டு, இன்னொரு வண்டியைத் தூக்குகிறார்கள்.

அந்த ஜாக்கியைச் செய்தவன் யார்? விற்றவன் யார்? அதன் மேல் எத்தனை டன் என்று எழுதியிருந்தது? உண்மையில் அது எத்தனை டன் தாங்கிற்று? இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதில்தான் சிலருக்கு லாபம் இருக்கிறது.

நாம் கேட்போம்.

படாளம் கூட்டு ரோட்டில்

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, மாமண்டூர் வழியாக மதுராந்தகம் நோக்கிப் போகிற ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது படாளம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரைவைப் பருவம் வந்துவிட்டால் சுற்று வட்டாரத்துக் கரும்பு லாரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் மலையாய்க் குவிந்து இங்கே வந்து இறங்கும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிற கார்களும் வேன்களும் இங்கே திரும்பும். சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே இரவும் பகலும் ஓடும் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் இதுவே ராஜபாட்டை.

இப்படி ஓடுகிற வண்டியில் முதலில் நொந்து போவது எது? கமான் பட்டை, ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், புஷ், பால் ஜாயிண்ட் ஆகிய இவைதான். வயலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற வண்டிப்பாதைக் குழியில் கரும்பு லாரி ஒரு தடவை விழுந்து எழுந்தால் போதும், கமானில் ஒரு பட்டை விரிசல் விடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொன்னவர் எங்கேயோ சௌக்கியமாக இருப்பார். பட்டையைக் கழற்றி மாட்டுகிற தொழிலாளி புழுதியில் கிடப்பான்.

பரனூர் முதல் திண்டிவனம் வரையில் எந்தக் கூட்டு ரோட்டில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு புளிய மரம் அல்லது வேப்ப மரம், எண்ணெய் ஊறிக் கறுத்துப் போன மண் தரை. அதுதான் பட்டறை. ஒரு மேஸ்திரி, இரண்டு மெக்கானிக்குகள், ஒரு பையன். இவர்களுடைய ஆஸ்தி எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிவிடும். அந்தச் சாக்குப் பைக்குள்தான் எமனும் உட்கார்ந்திருக்கிறான்.

ஸ்பிரிங்குக்குள் அடைபட்ட வேகம்

காரின் முன் சக்கரத்தில் ஷாக் அப்சர்பரைச் சுற்றி ஒரு சுருள் வில் இருக்கிறது. ஷாக் அப்சர்பரை மாற்ற வேண்டுமானால் முதலில் அந்தச் சுருளை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகே மேல் நட்டைக் கழற்றலாம். அமுக்கிப் பிடிக்கிற கருவிக்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று பெயர். நீண்ட மறையுள்ள இரண்டு இரும்புத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாகக் கொக்கிகள். தண்டைத் திருகத் திருகக் கொக்கிகள் நெருங்கும், சுருள் சுருங்கும்.

சுருங்கிய சுருளில் எவ்வளவு சக்தி அடைபட்டுக் கிடக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் அமுங்குவதற்குச் சுமார் இரண்டரைக் கிலோ பாரம் கேட்கிற ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 15 சென்டிமீட்டர் அமுக்கினால், கொக்கிகளின் மேல் 375 கிலோ பாரம் ஏறி நிற்கிறது. அதற்குள் அடைபட்ட சக்தி, 28 கிலோ இரும்புக் கட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்திக்குச் சமம். அந்தச் சக்தி முழுவதும் இரண்டரைக் கிலோ எடையுள்ள ஸ்பிரிங்கை உந்தித் தள்ளினால், அது மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். எங்கே பாயும்? அதன் மேல் குனிந்து நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறானே, அவன் முகத்தில்!

இவ்வளவு வேகத்தையும் கட்டிப் பிடித்திருப்பது என்ன? அந்த இரண்டு தண்டுகளின் மறைதான். நல்ல எஃகில் செய்து, பதமாகக் காய்ச்சி, கொக்கி நழுவாதபடி பூட்டு வைத்த கருவியானால் பிடிக்கும். கடையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற மலிவுச் சரக்கு என்ன ரகம்? தண்டு மெத்து இரும்பு. மேலே பளபளக்கும் முலாம். கொக்கிக்குப் பூட்டுக் கிடையாது. பத்துத் தடவை திருகினால் மறை மழுங்குகிறது. பதினோராவது தடவை கொக்கி சுருளின் மேல் வழுக்கி ஒரு பக்கமாய் ஓடுகிறது. ஒரு பக்கம் விட்டால் போதும், மறுபக்கம் தானாக விடும்.

அந்த மலிவுக் கருவியும் வாங்க முடியாதவன் என்ன செய்கிறான்? கட்டுக்கம்பியைச் சுற்றுகிறான். கயிற்றைக் கட்டுகிறான். இரண்டு பேர் ஏறி மிதிக்க, மூன்றாமவன் நட்டைக் கழற்றுகிறான். கார் கம்பெனிகளின் தொழிற்சாலையில் ஒரு பிரமாண்டமான அழுத்த யந்திரம் கூண்டுக்குள் நின்று செய்கிற வேலையை, இங்கே மனிதனின் இரண்டு கால்கள் செய்கின்றன.

ஜாக்கியும் செங்கல்லும்

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்தாலும் வெடித்தாலும் எண்ணெய் கசியும், ஜாக்கி இறங்கும். சில சமயம் மெள்ள இறங்கும். சில சமயம் ஒரே இறக்கமாக இறங்கும். ஆகவே வண்டியைத் தூக்கியதும் அதன் பாரத்தை இரும்பு ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட்டுத்தான் ஆள் அடியில் போக வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்த பாடம் இது.

ஆனால் ஸ்டாண்டு எங்கே? ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல். இல்லாவிட்டால் சிமெண்டு ஹாலோ பிளாக். செங்கல் வளையாது, நெளியாது, எச்சரிக்கை கொடுக்காது. ஒரு நொடி முழுசாக இருக்கும், மறு நொடி தூளாகிவிடும். மண் தரையில் நிறுத்திய ஜாக்கியோ, மழை பெய்த மறுநாள் தானே சாயும். கமான் வேலை செய்கிறவன் சும்மா படுத்திருப்பதில்லை. யூ போல்ட்டில் நீளமான பைப்பை மாட்டி முழு பலத்தோடு இழுக்கிறான். அவன் இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் தலைக்கு மேல் லாரி அசைகிறது.

கமானைப் பிரிப்பதும் விளையாட்டல்ல. பல பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். கிளாம்பு போட்டுப் பிடிக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் பட்டைகள் விசிறி எழும். விரலோ பல்லோ போனபின் தேடிப் பயனில்லை.

ஸ்பானரைச் சொல்லுங்கள். மலிவு ஸ்பானரின் வாய் அகன்றுவிடும். நட்டின் மூலையை மழுக்கிவிட்டு வழுக்கும். கை போய் சாஸியில் மோதும். உளியைச் சொல்லுங்கள். அடி வாங்கி வாங்கித் தலை காளான் போல் விரிந்த உளியிலிருந்து சில்லு தெறிக்கும். பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் சுத்தியால் அடித்துக் கழற்றினால், கடினப்படுத்திய எஃகு உடைந்து குண்டு போல் பாயும். அவற்றை இழுத்துக் கழற்றுவதற்கென்றே புல்லர் என்ற கருவி உண்டு. அது சாக்குப் பைக்குள் இல்லை.

அடுத்த பலி பிரயாணி

"இது மெக்கானிக்கின் பாடு, நமக்கென்ன?" என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நண்பர் நினைக்கலாம். அவருக்கும் ஒரு வார்த்தை.

யூ போல்ட்டை இத்தனை முறுக்கு முறுக்க வேண்டும் என்று அளவு இருக்கிறது. அந்த அளவைக் காட்டுவது டார்க் ரெஞ்ச். அது இல்லாதவன் கை பலத்தை நம்புகிறான். முறுக்குக் குறைந்தால் கமான் அச்சின் மேல் நகரும், சென்டர் போல்ட் அறுபடும், அச்சு இடம் பெயரும். முறுக்கு மிஞ்சினால் போல்ட் நீண்டு பலம் இழக்கும். மலிவு டார்க் ரெஞ்ச் இன்னும் மோசம். அது தவறான அளவைக் காட்டிவிட்டுச் சரியான அளவு என்று நம்ப வைக்கும். உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டினால், பற்ற வைத்த இடத்தில் எஃகின் பதம் கெட்டு மறுபடியும் அங்கேயே உடையும். சுருளை நெருப்பில் காய்ச்சி உயரம் குறைத்தால் அதன் வில் தன்மையே போய்விடும்.

இந்தக் குறைகளோடு வண்டி பட்டறையை விட்டு வெளியே போகிறது. கல்யாண கோஷ்டியையோ, ஷிப்ட் முடிந்த தொழிலாளிகளையோ, பள்ளிப் பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறது. மெக்கானிக்குக்கு நல்ல கருவி இல்லாதது அந்தச் சாலையில் போகிற அத்தனை பேருடைய உயிர்ப் பிரச்னை.

அமெரிக்காவில் வெளுத்த சாயம்

"ஏழை மெக்கானிக்குக்கு ஏற்ற விலையில் நாங்கள் கருவி தருகிறோம். இது சேவையல்லவா?" என்று கருவி வியாபாரிகள் கேட்கலாம். இந்தச் சேவையின் லட்சணத்தை அமெரிக்கா 2020-ஆம் ஆண்டில் பார்த்தது.

ஹார்பர் பிரைட் என்பது அங்கே மலிவுக் கருவி விற்கும் பெரிய சங்கிலிக் கடை நிறுவனம். அது பிட்ஸ்பர்க் என்ற பெயரில் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை விற்றது. செங்கல்லுக்குப் பதில் வைக்கச் சொல்கிறோமே, அதே ஸ்டாண்டுதான். ஸ்டாண்டின் தூணிலுள்ள பற்களில் ஒரு தாழ்ப்பாள் ஆழமாகப் போய்ப் பிடிக்க வேண்டும். பல ஸ்டாண்டுகளில் அது போதிய ஆழம் பிடிக்கவில்லை. பாரம் கொஞ்சம் அசைந்தால் வண்டி கீழே விழக்கூடும் என்று தெரிந்தது. செய்த தொழிற்சாலையில் அச்சுக் கருவிகள் பழசாகித் தேய்ந்திருந்ததே காரணம். 17 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

கதை அத்தோடு நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்தவர்கள் மாற்றாக வாங்கிய புதிய 3 டன் ஸ்டாண்டுகளில் வெல்டிங் கோளாறு! அதே ஆண்டு ஜூலையில் அவற்றையும் திரும்ப அழைத்தார்கள். தேய்ந்த அச்சை மாற்றினால் செலவு, மாற்றாவிட்டால் லாபம். வெல்டிங்கைச் சோதித்தால் செலவு, சோதிக்காவிட்டால் லாபம். மலிவின் ரகசியம் இவ்வளவுதான். விலையில் குறைத்த பணத்தை வாங்குகிறவனின் எலும்பிலிருந்து வசூல் செய்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அந்த தேசத்திலேயே, போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகாவின் முன் கோளாறு பதிவாயிற்று. எந்த மாடல், எத்தனை உருப்படி, என்ன குறை என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பெயரில்லாத ஜாக்கி ஒன்று சறுக்கினால் யார் எதை அறிவிப்பார்கள்? பெட்டியில் அடைத்து விற்கும் சரக்கின் மேல் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிடுகின்றன. சந்தையில் போய்ப் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். விலாசம் இல்லாத சரக்குக்கு வாரிசும் இல்லை, பொறுப்பும் இல்லை.

ஒரே சாலை, இரண்டு உலகங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இந்தியாவின் டெட்ராய்ட் என்று பட்டம் சூட்டிப் பெருமையடித்துக்கொள்கிறார்கள். 2022-இல் மூடப்படும் வரை மறைமலைநகரில் போர்டு கார் தொழிற்சாலை ஓடிற்று. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. கார் பூட்டுகிறார்கள். ஒரகடத்தில் நிஸான் கார்கள் உருவாகின்றன. அங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் முறுக்கு அளவு உண்டு. அளவு பார்க்க யந்திரம் உண்டு. அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், அதே காரின் அதே ஸ்பிரிங்கை அமுக்கக் கட்டுக்கம்பி!

கார் கம்பெனிகளுக்கு இதில் பங்கில்லையா? உண்டு. தங்கள் காரைக் கழற்ற விசேஷக் கருவி வேண்டும்படி வடிவமைக்கிறார்கள். அந்தக் கருவியையும் அதன் கையேட்டையும் தங்கள் சொந்த சர்வீஸ் நிலையத்துக்கு மட்டும் கொடுக்கிறார்கள். இது நம்முடைய கற்பனை அல்ல. வெளிச் சந்தையில் உதிரிப் பாகமும், சுயேச்சைப் பட்டறைகளுக்குச் சோதனைக் கருவியும் பழுதுபார்க்கும் கையேடும் கிடைக்காமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போர்டு, நிஸான், பி.எம்.டபிள்யூ. மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. 2015 ஜூலையில் ஹுண்டாய்க்குத் தனியாக 420 கோடி ரூபாய் விதித்தது.

கம்பெனிகள் சும்மா இருந்தனவா? கோர்ட்டுக்கும் தீர்ப்பாயத்துக்கும் ஓடின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, போர்டு, நிஸான் மூன்றுக்கும் அபராதக் கணக்கைக் குறைத்தது. ஆனால் செய்தது தவறு என்ற முடிவை அது மாற்றவில்லை. கோடிக் கணக்கில் அபராதம் எழுதினார்கள். படாளத்து மெக்கானிக்கின் சாக்குப் பைக்குள் அதனால் ஒரு புல்லராவது கூடுதலாக வந்து விழுந்ததா?

சட்டத்தின் வாசலில் நிற்பவன்

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஒப்புக்கொண்டது. பாரம் தூக்கும் கருவிகளைக் காலாகாலத்தில் சோதிக்க வேண்டும் என்று அதில் விதி இருந்தது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறை அந்த வாசலுக்கு வெளியே நின்றது.

2020-இல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 அன்று அமுலுக்குக் கொண்டுவந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வாசலை அகலமாக்கியதா? இல்லை, இன்னும் குறுக்கியது. மின்சக்தி உள்ள இடத்தில் 20 பேர், இல்லாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. பொதுவாக 10 பேருக்குக் குறைந்த இடம் "ஸ்தாபனம்" என்ற கணக்கிலேயே வராது. ஜாக்கிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா? அடியில் படுத்திருப்பவன் பத்துப் பேரில் ஒருவனா, மூன்று பேரில் ஒருவனா என்று பார்த்துவிட்டா அது சறுக்குகிறது?

1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் ஷரத்துகளைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மெத்தச் சரி. வருகைப் பதிவேடு இல்லாத, சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளி தான் அங்கே வேலை செய்தேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பான்? தானே முதலாளி, தானே கூலி என்று தனியாகப் பட்டறை வைத்திருப்பவன் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பான்?

பட்டறையில் நிற்கிற பையன் விஷயம் வேறு. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். ஆனாலும் லாரிக்கு அடியில் நெருக்கமான இடத்துக்குள் நுழைய யாரை அனுப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சின்ன உடம்பு, சின்னக் கை!

கருவி வாங்க உதவி உண்டா? 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி என்றார்கள். அதில் 18 தொழில்கள். குலத் தொழில் பட்டியலை விரித்து வைத்து எழுதியதால், இந்த நூற்றாண்டில் தேசத்தின் சக்கரங்களை ஓட வைக்கிற மோட்டார் மெக்கானிக் அதில் அகப்படவில்லை. தமிழ்நாடு அரசு 2024-இல் அந்தத் திட்டத்தையே ஏற்க மறுத்தது. அந்த மறுப்பால் மெக்கானிக் இழந்தது எதுவுமில்லை. அவனுக்கு அதில் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே அவன் தண்டல்காரனிடம் போகிறான். காலையில் கடன், மாலையில் வசூல். அந்தப் பணத்தில் எந்தக் கருவி வாங்க முடியும்? இருப்பதில் மலிவானதைத்தான் வாங்க முடியும். பிறகு அவனைப் பார்த்து, "ஏனப்பா மட்டமான சரக்கை வாங்கினாய்?" என்று உபதேசம் செய்கிறார்கள். பட்டினி கிடப்பவனிடம் போய்ப் பழம் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்கிற உபதேசம் இது!

குக்கருக்கு முடிந்தது ஜாக்கிக்கு முடியாதா?

"எல்லாக் கடையையும் யார் சோதிப்பது? நடக்கிற காரியமா?" என்று அதிகாரிகள் கையை விரிக்கலாம். நடந்த காரியத்தைச் சொல்கிறோம்.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமில்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடங்கொடுத்ததற்காக அமேசான் மேல் நடவடிக்கை எடுத்தது. ஒரு லட்சம் ரூபாய் அபராதம். விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தெரிவித்துத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தர உத்தரவு. பிளிப்கார்ட்டுக்கும் அதே மாதத்தில் அதே சிகிச்சை. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்கக் கூடாது என்று கட்டாயம் ஆயிற்று.

ஆக, மனமிருந்தால் மார்க்கமுண்டு. குக்கர் வெடித்தால் அடுக்களையில் ஆள் சாவார்கள் என்று சர்க்காருக்குப் புரிந்தது. ஜாக்கி சறுக்கினால் பட்டறையில் ஆள் சாவான் என்பது மட்டும் ஏன் புரியவில்லை? நம்மூர்ப் பட்டறையில் சாகிறவன் ஓட்டுப் போடாதவனா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. பொதுவாக வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் அல்ல. ஆனால் தன் ஜீவனத்துக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவன் நுகர்வோர்தான். பழுதான பொருளால் காயம்பட்டால் செய்தவன் மேலும் விற்றவன் மேலும் நஷ்டஈடு கேட்க அதே சட்டம் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. கையில் ரசீது இருக்க வேண்டும், அதுதான் ஆயுதம். "பில் வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று கடைக்காரன் சொல்கிறபோது அவன் குறைப்பது விலையை மட்டுமல்ல, உன் உரிமையையும்தான்.

"விலை ஏறிவிடுமே!"

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தரம் கட்டாயமானால் கருவியின் விலை ஏறும். ஏறினால் சின்னப் பட்டறைக்காரன் மூட்டை கட்ட வேண்டியதுதானா? பெரிய கம்பெனி சர்வீஸ் நிலையங்களுக்கு அல்லவா கொண்டாட்டம்?

தனி ஆளாக நின்றால் அப்படித்தான் ஆகும். ஆனால் படாளத்திலேயே பதில் நிற்கிறது, புகைபோக்கியோடு நிற்கிறது! தனித் தனிக் கரும்பு விவசாயி சர்க்கரை ஆலை வைக்க முடியுமா? முடியாது. கூட்டுறவாகச் சேர்ந்தபோது ஆலை வந்தது. ஆலையில் ஆயிரம் குறை இருக்கட்டும். கரும்புப் பாக்கிக்காக விவசாயி போராட வேண்டியும் இருக்கட்டும். தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்ற பாடம் பொய்யாகிவிடவில்லை. ஸ்பிரிங் அமுக்கும் யந்திரம் ஒரு பட்டறைக்குத் தினமும் வேண்டியதில்லை. ஒரு கூட்டு ரோட்டுக்கு ஒன்று இருந்தால் போதும். டார்க் ரெஞ்ச், புல்லர், கனரக ஸ்டாண்டு எல்லாம் அப்படியே. பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுக் கருவிக் கூடம் வைக்க, தொழிற் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து, சர்க்கார் மூலதனம் கொடுத்தால் எந்த வானம் இடிந்து விழும்?

கோரிக்கைகள் இவை:

1. ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஆகிய பாரம் தாங்கும் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரத்தைக் கட்டாயமாக்கு. காகிதத்தில் அல்ல, கடைத்தெருவிலும் ஆன்லைன் விற்பனையிலும் அமுல் நடத்து.

2. பெயர், விலாசம், தாங்கும் பாரம் எழுதாத கருவிகளைப் பறிமுதல் செய். பழுதான கருவியைத் திரும்பப் பெற உத்தரவிடு.

3. ஒவ்வொரு கூட்டு ரோட்டிலும் பொதுக் கருவிக் கூடம் அமைக்க வட்டியில்லாக் கடன் கொடு. தண்டல் கொள்ளையிலிருந்து மெக்கானிக்கை விடுவி.

4. பத்துப் பேர், இருபது பேர் என்ற வரம்பைத் தொழில் பாதுகாப்பில் ஒழித்துக் கட்டு. ஒரு தொழிலாளி இருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்று எழுது.

5. கார் கம்பெனிகளின் கையேட்டையும் முறுக்கு அளவுகளையும் தமிழில் பகிரங்கமாக வெளியிடச் செய். ஒரகடத்தில் பொதுப் பணத்தில் கட்டிய வாகன ஆராய்ச்சி நிலையத்தில் பட்டறைக் கருவிகளையும் சோதித்து முடிவை வெளியிடு.

6. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்பவர்களுக்கும் உள்ள நல வாரியத்தில் ஒவ்வொரு பட்டறைத் தொழிலாளியையும் அவன் இடத்துக்கே போய்ப் பதிவு செய்.

மெக்கானிக் தோழர்களே!

சர்க்கார் அசையும் வரை உயிர் காத்திருக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு இல்லையா? செங்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டியான மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாய் அடுக்குங்கள். மண் தரையில் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். நிற்கிற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கழற்றிய சக்கரத்தை சாஸிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி ஏமாற்றினாலும் அந்தச் சக்கரம் உயிர் இடைவெளி கொடுக்கும். அமுக்கிய ஸ்பிரிங்கின் வாய்க்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். மறை மழுங்கிய கம்ப்ரஸரை இன்றே உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள்; இன்னொரு பட்டறைக்கு விற்காதீர்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினால், அடியில் வந்து தாமும் படுக்கச் சொல்லுங்கள். அவசரம் தானே அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனித் தனியாக இருக்காதீர்கள். எதிர்ப் பட்டறைக்காரன் உங்கள் விரோதி அல்ல. உங்கள் இருவருக்கும் ஒரே மட்டச் சரக்கை விற்றுவிட்டு, இரண்டு பேரும் போட்டி போட்டுக் கூலியைக் குறைப்பதை வேடிக்கை பார்க்கிறானே, அவன்தான் விரோதி. மாமண்டூரிலும் படாளத்திலும் மதுராந்தகத்திலும் அச்சரப்பாக்கத்திலும் உள்ள பட்டறைகள் ஒன்றாகச் சேர்ந்து, "பில் இல்லாத, பெயர் இல்லாத ஜாக்கியை வாங்க மாட்டோம்" என்று ஒரு தீர்மானம் போட்டால், மறு மாதமே அந்தச் சரக்கு இந்தச் சாலையில் செல்லாக் காசாகிவிடும்.

இந்த நாட்டின் கரும்பையும் நெல்லையும் சிமெண்டையும் மனிதர்களையும் சுமந்து ஓடுகிற வண்டிகள் அனைத்தும், கடைசியில் ஒரு தொழிலாளியின் கையால் முறுக்கப்பட்ட ஒரு நட்டின் மேல் நிற்கின்றன. அந்தக் கைக்கு ஒரு நல்ல ஸ்பானர் கொடுக்க வக்கில்லாத ஆட்சியாளர்களுக்கு, அந்தக் கை நசுங்கும்போது அவனை "அஜாக்கிரதை" என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?